முழமும் மீட்டரும்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் மொழி. அளவின்றிக் கொடுத்தலும் அளவின்றிக் கொள்ளுதலும் குடும்பத்துக்கும் ஊருக்கும் கேடு விளைக்கும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். ஆயினும், அளந்து போடுக என்று பணித்த அப்பழமொழி, எதனைக் கொண்டு அளப்பது என்பதைக் கூறிற்றில்லை. அவ்வினாவே இன்று நம் முன் நிற்கிறது. சட்டத்தால் மெட்ரிக் அளவையை ஏற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் நாவிலும் கையிலும் இரண்டு மூன்று அளவைகள் ஒருங்கே வழங்குகின்றன. இது நன்றோ, தீதோ என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நம் திருவண்ணாமலை நகரையே எடுத்துக்கொள்வோம். மலையை வலம் வரும் வழி 14 கிலோமீட்டர் என்கிறோம். அவ்வழி தொடங்கும் கோயிலின் இராஜகோபுரம் எவ்வளவு உயரம் என்று கேட்பார்க்கு 217 அடி என்கிறோம். 66 மீட்டர் என்று சொல்வார் அரியர். கோபுர வாயிலில் மல்லிகை முழத்தால் விற்கப்படுகிறது. கடைவீதியில் அரிசி கிலோவாலும், பொன் சவரனாலும், துணி மீட்டராலும் விலைப்படுகின்றன. வெயில் எத்தனை டிகிரி என்பதைச் செல்சியஸில் படிக்கும் நாம், காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதை மட்டும் பாரன்ஹீட்டில் சொல்கிறோம். சாலையோரத்தில் கிலோமீட்டர் பொறித்த கல்லை மைல்கல் என்றே அழைக்கிறோம். ஒரு லிட்டர் எண்ணெயில் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கணக்குக்கும் ‘மைலேஜ்’ என்றே பெயரிட்டுள்ளோம். இவற்றுட் சில நகைப்புக்குரியன, சில கவலைக்குரியன.

பழைய அளவைகளை அறிவற்றோர் ஆக்கியவை என்று இகழ்வது தகாது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இவ்வரிசையில் ஒவ்வொன்றும் முன்னதன் இரட்டியாகவோ அதன் பெருக்கமாகவோ வருதலைக் காண்க. எழுத்தறியாத தாயும் கணக்கின்றிப் பாதியும் காலும் பிரித்துக் கொடுக்க இம்முறை உதவிற்று. பத்தைப் பாதியாக்கினால் ஐந்து. ஐந்தைப் பாதியாக்கினால் பின்னம் வந்துவிடும். பதினாறோ நான்கு முறை பாதியாகியும் முழு எண்ணாகவே நிற்கும். முழமும் சாணும் எங்கும் தேடவேண்டாத அளவுகோல்கள். அவை நம் உடம்பிலேயே உள்ளன.

ஆனால், அவ்வளவைகளின் குறையும் அங்கேயே உள்ளது. பூக்காரியின் கை குட்டையாயின் வாங்குவோர்க்கு நட்டம். நீண்டதாயின் அவருக்கே நட்டம். முழம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது போல, படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. தஞ்சைப் பகுதியில் 144 சதுர அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. வட மாவட்டங்களிலோ நிலத்தைக் காணியால் அளந்தனர். ஒரு காணி 57,600 சதுர அடி. ஓர் ஊரின் கணக்கை மற்றோர் ஊரார் அறியாவிடின், இடையில் நிற்கும் தரகனுக்கே கொண்டாட்டம்.

இக்குறையைப் பண்டை அரசரும் உணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்ததையும், நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்ததையும் குறிக்கின்றன. இறைவன் திருப்பெயரை அளவைக்கு இட்டதன் கருத்து யாது? இது கொடுப்பவனுடைய மரக்காலும் அன்று, கொள்பவனுடைய மரக்காலும் அன்று. இருவர்க்கும் பொதுவானது என்பதேயாம். பொதுவான அளவை வேண்டும் என்னும் எண்ணம் மேல்நாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியானதன்று என்பதற்கு இதுவே சான்று.

பின்னர் ஆங்கில அளவை வந்தது. அதனாலும் அரிய காரியங்கள் நிகழ்ந்தன என்பதை மறுத்தல் ஆகாது. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே சங்கிலியிட்டு அடிக்கோடு ஒன்றை அளந்தார். அங்கே தொடங்கிய பெரும் முக்கோண அளவையின் பணி வடக்கே இமயம் வரை சென்றது. 1856இல் எவரெஸ்டுச் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று வெளியிடப்பட்டது. 2020இல் அறிவிக்கப்பட்ட உயரம் 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடிக்குச் சிறிது குறைவு. வித்தியாசம் முப்பது அடியளவே. ஆகவே, நுட்பம் என்பது அடிக்கோ மீட்டருக்கோ உரிய தனிச்சொத்தன்று. அளப்போரின் கருத்தூன்றலுக்கு உரியது. அப்படியாயின் மெட்ரிக் அளவையை நாம் ஏன் போற்ற வேண்டும்?

முதற் காரணம் அதன் எளிமை. பன்னிரண்டு அங்குலம் ஓர் அடி. மூன்று அடி ஒரு கஜம். 1,760 கஜம் ஒரு மைல் என்று நெட்டுருப் பண்ணும் உழைப்பு அதில் இல்லை. புள்ளியை இடமோ வலமோ நகர்த்தினால் கணக்கு முடிந்தது. பூச்சியத்தையும் இடமதிப்பையும் உலகுக்கு அளித்த நாட்டினராகிய நமக்கு, அவ்வெண் முறையோடு இயைந்து செல்லும் அளவை அயலானது ஆகுமா? 16 அணாவும் 192 தம்பிடியுமாக இருந்த ரூபாய், 1957 ஏப்ரல் 1 முதல் நூறு காசானது. அன்று முணுமுணுத்தவர் பலர். இன்று அணாக் கணக்கை மீட்டுத் தருக என்று கேட்பார் ஒருவரும் இலர்.

இரண்டாவது காரணம் அதன் பொதுமை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், எந்த அரசனுடைய கையையும் காலையும் சாராத அளவை வேண்டும் என்று அந்நாட்டு அறிஞர் விழைந்தனர். டெலாம்பர், மெஷேன் என்னும் இருவர் 1792 முதல் 1798 வரை டன்கர்க்கு நகரிலிருந்து பார்சிலோனா வரை நிலத்தை அளந்து, பூமியின் அளவினின்றே மீட்டரை வகுக்க முயன்றனர். 1875இல் பல நாடுகள் மீட்டர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இந்தியா 1957இல் அதிற் சேர்ந்தது. நம் பாராளுமன்றம் 1956இல் எடை அளவைச் சட்டத்தை நிறைவேற்ற, 1958 அக்டோபர் முதல் புதிய எடைகள் படிப்படியாக வழக்கிற்கு வந்தன. இன்று மீட்டர் ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது. கிலோகிராமும் 2019 மே 20 முதல் உலோகக் கட்டியை விட்டு, இயற்கையின் மாறா எண்ணொன்றைப் பற்றி நிற்கிறது. வேடிக்கை யாதெனில், 1959ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி ஒரு கஜம் என்பதே 0.9144 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டது. எனவே, அடியால் அளப்பவரும் மறைமுகமாக மீட்டராலேயே அளக்கின்றனர்.

சாஸ்திரத் துறையில் இரண்டு அளவைகள் கலந்தால் விளையும் கேட்டுக்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1983 ஜூலையில் கனடா நாட்டு விமானம் ஒன்று 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டியிருக்க, பவுண்டுக்குரிய எண்ணால் கணக்கிட்டமையால், பாதிக்கும் குறைவாகவே நிரப்பிப் பறந்தது. நடுவானில் இயந்திரங்கள் நின்றன. விமானியின் திறமையால் அது கிம்லி என்னுமிடத்தில் சறுக்கி இறங்க, ஏறியிருந்தோர் உயிர் தப்பினர். 1999 செப்டம்பரில் செவ்வாய்க் கிரகத்தை நெருங்கிய அமெரிக்க விண்கலம் ஒன்றுக்கு அப்பேறு கிட்டவில்லை. உந்துவிசையை ஒரு சாரார் பவுண்டுக் கணக்கில் தர, மற்றொரு சாரார் அதனை நியூட்டன் கணக்கென்று கொண்டனர், கலம் அழிந்தது.  கூட்டலும் பெருக்கலும் தவறவில்லை. எண்ணுக்குப் பின்னே நிற்கவேண்டிய அளவையின் பெயரே தவறிற்று. விடைத்தாளில் அலகு எழுதாத மாணவருக்கு ஆசிரியர் மதிப்பெண் குறைப்பது கொடுமையன்று என்பதை நம் மாணவ நண்பர்கள் இதனால் உணர்வார்களாக.

விண்கலம் நமக்குத் தொலைவு. நிலமோ நம் காலடியிலுள்ளது. நம் மாவட்டம் நெல்லும் மணிலாவும் விளையும் உழவர் நாடு. இங்கே நிலத்தை ஏக்கர், சென்ட் என்றே பேசுகின்றனர். அரசாங்கம் தரும் பட்டாவோ ஹெக்டேர், ஏர் என்று எழுதுகிறது. பட்டாவில் ‘0 - 40.50’ என்றிருப்பின் அதன் பொருள் நாற்பதரை ஏர். ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட் ஆதலின், அந்நிலம் நூறு சென்ட்; அதாவது ஒரு முழு ஏக்கர். இதனை அறியாதவர் அவ்வெண்ணை நாற்பதரை சென்ட் என்று படித்துவிடுதல் எளிது. விதவையொருத்தி அவசரத்துக்கு நிலத்தை விற்க நேர்ந்து, வாங்குவோர் சொன்ன நாற்பது சென்ட் கணக்கை நம்பினால், பாதிக்கு மேற்பட்ட நிலத்தை இனாமாகக் கொடுத்தவளாவாள். வீடு கட்டுவோர்க்கும் இதே தொல்லைதான். மணல் ‘யூனிட்’ கணக்கில் பேசப்படுகிறது. ஒரு யூனிட் நூறு கன அடி, அதாவது 2.83 கனமீட்டர் என்பதை வாங்குவோரில் எத்தனைபேர் அறிவர்? மருந்தின் அளவோ உடலின் எடையைக் கிலோகிராமில் கொண்டு கணிக்கப்படுவது. பவுண்டைக் கிலோ என்று கொண்டால் மருந்து இரண்டு மடங்குக்கு மேலாகிவிடும். அளவைக் குழப்பத்தில் அறிந்தவன் பிழைத்துக்கொள்கிறான், அறியாதவனே இழக்கிறான். ஆதலின் இது கணித வகுப்போடு முடியும் பொருளன்று. நீதியைப் பற்றிய பொருள்.

‘மீட்டர் அயல்நாட்டது, அடியும் கஜமும் நம்முடையவை’ என்று வாதிப்பாரும் உளர். அடி என்பது தமிழ்ச் சொல்லே. ஆயின் நாம் இன்று அடி என்று அளக்கும் 30.48 சென்டிமீட்டர் ஆங்கிலேயருடைய அடியன்றோ? கஜம் பாரசீகச் சொல். மைல் உரோமரது ஆயிரம் தப்படியினின்றும் வந்தது. பழமை கருதி நாம் காப்பவற்றுட் பல நேற்று வந்த விருந்தினரே.

பின் என்ன செய்வது? முழத்தையும் சாணையும் நாவினின்றும் துரத்த வேண்டும் என்று நாம் கூறவில்லை. சவரனைப் பாருங்கள். ஆங்கிலேயரது பொற்காசின் பெயர் அது. காசு போயிற்று, பெயர் நின்றது. இன்று சவரன் என்றால் எட்டுக் கிராம் என்பதில் நகை செய்பவர்க்கும் வாங்குபவர்க்கும் ஐயமே இல்லை. பழம்பெயருக்குள் புதிய அளவை குடிபுகுந்தமையால் வழக்கும் கெடவில்லை, கணக்கும் கெடவில்லை. இதுவே நமக்கு வழிகாட்டி. பேச்சில் பழைய பெயர் இருக்கட்டும். பணமும் நிலமும் மருந்தும் கைமாறும் இடத்தில் மட்டும் மெட்ரிக் அளவையே எழுத்தில் ஏறவேண்டும், அதன் மதிப்பு இருசாரார்க்கும் விளங்கவேண்டும்.

இதிற் கல்லூரி மாணவர்க்கும் பங்குண்டு. பிரயோகசாலையில் மில்லிகிராம் வரை நிறுக்கப் பழகிய ஒருவர், தம் வீட்டுப் பட்டாவைப் படிக்கத் தெரியாதிருப்பின் அப்படிப்பால் என்ன பயன்? விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தம் குடும்பத்தின் பட்டாவை எடுத்து, ஏரைச் சென்டாக மாற்றி, ஒரு தாளில் எழுதி அதனோடு வைப்பாராக. அண்டை வீட்டாருக்கும் கேட்டால் செய்து கொடுப்பாராக. அதற்கு வேண்டுவது ஒரு பெருக்கல் கணக்கும் கால்மணி நேரமுமே. பல ஊர்களில் அக்கால்மணி நேரத்தைச் செலவிட ஆளில்லாமையால்தான் ஏழையின் வரப்பு ஆண்டுதோறும் உள்ளே நகர்கிறது.