பளபளப்பின் மீது பழி: ரக்கூன் பொறியும் நமது நீதிக்கதைகளும்

சுயமுன்னேற்ற நூல்களிலும், வார இதழ்களின் கடைசிப் பக்கங்களிலும், மேடைப் பேச்சுகளின் நிறைவிலும் ஒரு கதை சலிக்காமல் சொல்லப்பட்டு வருகிறது. அமெரிக்கக் காட்டில், ஓடைக்கரையில் ஒரு மரக்கட்டை. அதில் ஒரு துளை. துளையின் அடியில் பளபளக்கும் தகரத் துண்டு. இரவில் அவ்வழியே வரும் ரக்கூன் கையை நுழைத்துத் தகரத்தைப் பற்றிக்கொள்கிறது. மூடிய கை வெளியே வர மறுக்கிறது. தகரத்தை விட்டுவிட்டால் தப்பலாம். ஆனால் அது விடுவதில்லை. விடியலில் வேட்டைக்காரன் வந்து சேர்கிறான். "நீங்கள் எதை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று வாசகரை நோக்கி ஒரு கேள்வியை எறிந்துவிட்டுக் கதை முடிகிறது.

இந்தக் கதையை நாங்கள் மறுக்கிறோம். அது அழகற்றது என்பதற்காக அல்ல. ஒரு பொறியைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு, பொறியைச் செய்தவனை மட்டும் கதையிலிருந்து கவனமாக நீக்கிவிடுகிறது என்பதற்காக.

முதலில் அதன் ஊற்று. பெரும்பாலானோர் இப்பொறியை அறிந்தது வில்சன் ரால்ஸ் 1961இல் எழுதிய 'வேர் த ரெட் ஃபெர்ன் க்ரோஸ்' என்ற நாவலின் வழியாக. ஓக்லஹோமாவின் ஓசார்க் மலைப்பகுதியில் வாழும் ஏழைச் சிறுவன் பில்லி. தன் வேட்டை நாய்க்குட்டிகளைப் பழக்குவதற்கு அவனுக்கு ஒரு ரக்கூன் தோல் வேண்டும். தாத்தா வழி சொல்லித் தருகிறார்: கட்டையில் துளையிடு, பளபளக்கும் தகரத்தை உள்ளே போடு, துளையைச் சுற்றி லாட ஆணிகளைச் சாய்வாக அடி. ஆம், ஆணிகள்! நமது மேடைகளில் சொல்லப்படும் கதையில் இந்த ஆணிகள் இல்லை. கூரிய முனைகள் துளைக்குள் நீண்டு மூடிய கையைத் தடுத்து நிறுத்துகின்றன என்பதைச் சொல்லிவிட்டால், 'பேராசை' என்ற ஒற்றைச் சொல்லில் அனைத்தையும் முடித்துவிட முடியாதல்லவா?

அதைவிட முக்கியமான ஒன்றும் அந்நாவலில் உண்டு. முதல் ரக்கூன் அகப்பட்டதும், மற்றப் பொறிகளின் ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிடும்படி பில்லியின் தந்தை சொல்கிறார். இது முறையான வேட்டை அல்ல, விலங்குக்குத் தப்பும் வாய்ப்பே இல்லை என்பது அவர் நியாயம். அதாவது, மூல ஆசிரியர் அறக்கேள்வியை எழுப்பியது வேட்டையாடியவனை நோக்கி. நமது நீதிமான்களோ அதே காட்சியை எடுத்துக்கொண்டு, கேள்வியை விலங்கின் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அடுத்து, அந்தக் கையைப் பற்றி. ரக்கூனுக்குக் கை என்பது வெறும் பற்றும் கருவி அல்ல. மூளையின் புறணியில் தொடு உணர்வுக்குரிய பகுதியில் அதன் முன்கைகளுக்கு மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருப்பதை வெல்கர், சைடன்ஸ்டைன் ஆகியோரின் 1959ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நகங்களுக்கு மேலே உணர்மயிர்கள் உள்ளன. ஓடையில் இரை தேடும்போது அது பெரும்பாலும் நீரைப் பார்ப்பதே இல்லை. கண்கள் எங்கோ நோக்கியிருக்க, கைகள் கல்லிடுக்கில் நண்டையும் நன்னீர் இறாலையும் சிப்பியையும் துழாவிக்கொண்டிருக்கும். 'உணவைக் கழுவித் தின்னும் விலங்கு' என்ற பெயர் அதற்கு வாய்த்ததும் இதனால்தான். விலங்கியல் பெயரில் உள்ள 'லோடர்' என்ற சொல்லுக்குக் கழுவுபவர் என்று பொருள். ஜெர்மானியரும் ஜப்பானியரும் அதைக் கழுவும் கரடி என்றே அழைக்கிறார்கள். அது தூய்மைக்காகக் கழுவுவதில்லை என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினர். நீரில் நனையும்போது அதன் உள்ளங்கையின் உணர்திறன் கூடுகிறது. பொவ்ஹாட்டான் மொழிச் சொல்லிலிருந்து வந்த 'ரக்கூன்' என்ற பெயரே கைகளால் சுரண்டுவது என்னும் பொருளுடையது. அந்தப் பூர்வகுடியினர் நம்மைவிட நன்றாகவே கவனித்திருக்கிறார்கள்.

ஆகவே ரக்கூன் ஒன்றைக் கையால் மூடிப் பிடிப்பதை 'ஆசை' என்று மொழிபெயர்ப்பது எவ்வளவு பெரிய பிழை! நாம் கண்ணால் பார்ப்பதை அது கையால் பார்க்கிறது. ஒரு பொருளைப் பார்த்தவனைப் பேராசைக்காரன் என்று நாம் சொல்வோமா?

மூன்றாவதாக, நடைமுறையில் உள்ள பொறிகள். நீரோரப் பொறிகளைக் கையாள்பவர்களின் முறைகளைக் கேட்டறிந்தால், நீதிக்கதை நின்ற இடத்திலேயே சரிந்துவிடும். கரையும் நீரும் சந்திக்குமிடத்தில் ஒரு சிறு குழி தோண்டுவார்கள். குழியின் உட்கோடியில் மீன் துண்டு. வாயிலில், சில அங்குல ஆழத்து நீரின் அடியில், காலைக் கவ்வும் இரும்புப் பொறி. வேறொரு முறையில் இரையே கிடையாது. பொறியின் மிதிதகட்டில் அலுமினியத் தாளைச் சுற்றிவிடுவார்கள். நிலவொளியில் அது ஓடும் நீருக்கடியில் மீனின் வயிற்றைப் போல, சிப்பியின் உட்புறத்தைப் போல மின்னும். ரக்கூன் அதைத் தொடுகிறது. தொட்ட கணமே பொறி மூடுகிறது. இங்கே பற்றுதல் எங்கே இருக்கிறது? விட மறுத்தல் எங்கே இருக்கிறது?

இன்று பரவலாகப் பயன்படும் இன்னொரு பொறி, குறுகிய உலோகக் குழாய். நாயின் பாதம் நுழையாது. ரக்கூனின் கை நுழையும். உள்ளே மார்ஷ்மெல்லோ எனும் வெண்ணிற இனிப்பு. வெண்மை இருளிலும் தெரியும். இனிப்பு பூனையை ஈர்க்காது. கை விசையை இழுத்ததும் சுருள்வில் விடுபட்டு மணிக்கட்டை இறுக்குகிறது. அதன் பிறகு இனிப்பை விட்டாலும் ஒன்றுதான், விடாவிட்டாலும் ஒன்றுதான். எதைத் துறந்தாலும் திறக்காத பொறியின் முன் துறவைப் போதிக்கிறது நமது கதை.

இரை தேர்பவனின் அறிவு அனைத்தையும் பாருங்கள். எந்த விலங்கு எதை நாடும், எதை நாடாது, எந்த ஒளியில் எது தெரியும், எந்த ஆழத்தில் கை எட்டும் என்று எல்லாமே அவனுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் இறைச்சியைப் பொறியருகே வைப்பதை அமெரிக்காவின் சில மாநிலங்கள் தடுத்துள்ளன. வானிலிருந்து அதைக் காணும் கழுகுகள் இறங்கி அகப்பட்டுக்கொள்ளும் என்பதே காரணம். கழுகும் பேராசை கொண்டதா என்ன? சட்டம் எழுதியவர்கள் பழியைச் சரியான இடத்தில் வைத்தார்கள்: இரை வைத்தவனிடம்.

இதே கதைக்குக் குரங்கு வடிவம் ஒன்றும் உண்டு. ராபர்ட் பிர்சிக் தனது 1974ஆம் ஆண்டு நூலான 'ஜென் அண்ட் த ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்'இல் அதைத் தென்னிந்தியக் குரங்குப் பொறி என்றே குறிப்பிடுகிறார்: சங்கிலியில் கட்டிய தேங்காய், உள்ளே அரிசி, மூடிய கை. நமது பெயரில் சென்று, நமக்கே ஞானமாகத் திரும்பி வந்திருக்கிறது அது. இன்று நமது ஊர்களில் குரங்கு பிடிக்க வருபவர்கள் கூண்டோடு வருகிறார்கள். பழத்தைக் கீழே போட்டுவிட்டாலும் கூண்டின் கதவு திறப்பதில்லை.

"கதை கதைதானே, உவமையில் விலங்கியலைத் தேடலாமா?" என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. உவமைக்கு எதிராக எங்களுக்கு வழக்கில்லை. பொய்கையில் வாளை மீனை அன்றாட இரையாகப் பெறும் நீர்நாயை ஐங்குறுநூற்றுப் புலவர் மருதத்தில் வைத்தார். முதலில் அதைப் பார்த்தார். பிறகே பாட்டில் வைத்தார். அந்த நீர்நாய்க்கு அறிவுரை எதுவும் சொல்லப்படவில்லை. பார்க்காமல் சொல்லப்படும் உவமைதான் எங்களை உறுத்துகிறது. பார்க்க மறுப்பதற்கு ஒரு பயனும் இருக்கிறது: அகப்பட்டவனையே குற்றவாளியாக்கலாம். கவர்ச்சியான வட்டி சொல்லிப் பணம் திரட்டியவன் ஓடிவிட்ட பிறகு, வாழ்நாள் சேமிப்பை இழந்து தெருவில் நிற்கும் ஓய்வூதியரிடம் "பேராசை பெருநட்டம்" என்று சொல்கிறோமே, அந்த வாக்கியம் இந்தக் கட்டையின் துளையிலிருந்துதான் வருகிறது. விளம்பரத்தை எழுதியவனுக்கு அவருடைய கை எதை நாடும் என்று தெரிந்திருந்தது. மகளின் திருமணம், மனைவியின் மருத்துவம் என்பவையே அந்தத் தகரத்தின் பளபளப்பு. அதைப் பேராசை என்பது அறிவீனம் மட்டுமல்ல, கொடுமையும்கூட.

விலங்கைக் கண்டிக்கும் கதை மட்டுமல்ல, கொஞ்சும் கதையும் தீங்கு செய்யக்கூடும். ஸ்டெர்லிங் நார்த் தன் சிறுவயது ரக்கூன் தோழனைப் பற்றி எழுதிய 'ராஸ்கல்' (1963), 1977இல் ஜப்பானில் தொலைக்காட்சி அசைபடத் தொடராயிற்று. தொடரைப் பார்த்த குடும்பங்கள் ரக்கூன்களை இறக்குமதி செய்து வளர்த்தன. வளர்ந்த ரக்கூன் கடிக்கும், பூட்டைத் திறக்கும், வீட்டைச் சூறையாடும் என்பதை அவை பின்னரே அறிந்தன. பலர் கதையின் முடிவில் வருவதைப் போலவே அவற்றைக் காட்டில் விட்டார்கள். அவை பெருகின, பயிர்களைத் தின்றன, பழங்கோயில்களின் கூரைகளுக்குள் குடியேறின. 2005இல் நடைமுறைக்கு வந்த அயல் உயிரினச் சட்டத்தின்கீழ் அவை தடுக்கப்பட வேண்டிய இனமாயின. இன்று அங்கும் பொறிகள் வைக்கப்படுகின்றன. கதை சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் சேதம் சிறிதே. விலையைக் கொடுத்தது விலங்கு.

பொறியே கூடாது என்று சொல்ல வரவில்லை. பெருகிவிட்ட அயல் இனத்தைக் கட்டுப்படுத்துவதும், நோய் பரவாமல் காப்பதும் தேவைப்படலாம். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பு மருந்தை மீன்மாவு இரைக்குள் வைத்து ரக்கூன்களுக்குத் தூவும் திட்டம் 1990களிலிருந்து அமெரிக்காவில் நடந்துவருகிறது. அதே ஆற்றங்கரை, அதே மீன் வாசம், அதே கை. கொல்வதும் காப்பதும் இரையை வைப்பவனின் எண்ணத்தில் இருக்கிறது. எடுக்கும் கையில் எந்த வேறுபாடும் இல்லை.

எனவே மேடைகளில் இக்கதையைச் சொல்வோரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். கதையைச் சொல்லுங்கள், ஆணிகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவற்றை அடித்தது யார் என்பதையும் சொல்லுங்கள். அதன் பிறகும் ரக்கூனுக்குத்தான் அறிவுரை தேவை என்று தோன்றினால், அப்போது பேசுவோம்.