'பேனிக்'னு எழுதினா இந்தப் பயம் புரியுமா?

ஏழாயிரம்பண்ணை பக்கம் மதியம் ஒரு வெடிச்சத்தம். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் புகை வீடியோ. சென்னையில் ஐடி வேலை பார்க்கும் மகன் அம்மாவுக்கு போன் போடுகிறார். ரிங் போய்க்கிட்டே இருக்கு. பட்டாசு ஆலைக்குள்ள செல்போன் கூடாதுன்னு அவருக்கும் தெரியும். ஆனாலும் கை நடுங்குது. மேனேஜருக்கு லீவு மெயிலில் என்ன எழுதுகிறார்? 'ஐ ஆம் நாட் ஃபீலிங் வெல்.'

இந்த மகன் கற்பனைதான். 2021 பிப்ரவரி 12 கற்பனை இல்லை. அன்று ஏழாயிரம்பண்ணை அருகே அச்சங்குளம் ஆலை வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சரி, 'பேனிக்'னு எழுதலாமே? எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. கிரேக்கக் காட்டு தெய்வம் 'பான்' பெயரிலிருந்து வந்த சொல் அது. காரணமே இல்லாமல் திடீர்னு பிடிக்கும் பயத்தை அந்தத் தெய்வத்தின் வேலை என்றார்கள். அந்த வாசனை இன்னும் போகவில்லை. 'டோன்ட் பேனிக்' என்றால் பாதி ஆறுதல், பாதி கண்டிப்பு. இந்த மண்ணின் பயத்துக்கோ காரணம் இருக்கு, தேதி இருக்கு.

நம்ம ஊரில் எப்படிச் சொல்வோம்? 'வயித்துல புளியைக் கரைக்குது', 'நெஞ்சு பக்குனு ஆயிருச்சு', 'ஈரக்குலை நடுங்குது'. எல்லாமே உடம்பு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு பேனிக் அட்டாக்கிற்குத் தரும் 13 அறிகுறிகளைப் பாருங்கள்: படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத்திணறல், வயிற்றுப் புரட்டல்... அங்கேயும் பெரும்பாலும் உடம்புதான். அப்பத்தா பேச்சும் டாக்டர் பட்டியலும் ஒத்துப்போகுது. நடுவில் நம்ம ஆபீஸ் இங்கிலீஷ் மட்டும் நழுவுது.

'வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்கேன்' என்பது வேறு கதை. பேனிக் அட்டாக் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விடும். இது ஷிப்ட் முடிஞ்சு அம்மா வீடு வரும்வரை, தினமும். 'ஆங்க்‌ஷியஸ்' என்ற ஒற்றைச் சொல்லில் இது அடங்காது.

அதனால் என் கட்சி: உணர்ச்சிக்குப் பெயர் தேடாதீங்க, நடந்ததை எழுதுங்க. 'எங்க ஊர்ப் பக்கம் ஆலை வெடிச்சிருக்கு. அம்மா அங்கேதான் வேலை பார்க்கிறார். போன் எடுக்கலை. கை நடுங்குது, வேலை ஓடலை, கிளம்பறேன்.' இதை எளிய இங்கிலீஷில் அஞ்சு வரியில் எழுதிடலாம். டாக்டரிடமும் அப்படித்தான்: எப்ப ஆரம்பிச்சது, எவ்வளவு நேரம், உடம்பில் எங்கே. அரசின் டெலிமானஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். அங்கே 'வயித்துல புளியைக் கரைக்குது'ன்னே சொல்லலாம்.