மூன்றடி இடம்

கற்பிட்டியில் பொழுது புலருமுன் வீதியில் இறங்குவோருட் பலர் மோட்டார் வண்டிக்காரரல்லர். கடற்றொழிலுக்குச் செல்வோரும், வெங்காயத் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சச் செல்வோருமே அவர்கள். சற்றுப் பின்னர் பள்ளிப் பிள்ளைகளும் வருவார்கள். துவிச்சக்கர வண்டியோ, இரு கால்களோதாம் அவர்களுக்கு வாகனம்.

அண்மையில் நம் மாணவனொருவன் முழங்கையிற் கட்டுடன் வகுப்புக்கு வந்தான். பாலாவி வீதியிலே, பின்னால் வந்த மரக்கறி லொறியொன்று அவனை ஒட்டினாற்போல முந்திச் சென்றதாம். அவன் ஓரத்து மணலில் இறங்கி விழுந்திருக்கிறான்.

“விளக்குப் பூட்டியிருந்தாயா, தம்பி?” என்று வினவினோம்.

“பூட்டியிருந்தேன், சேர். அவர் என்னைக் கண்டார். கண்டுதான் ஹோர்ன் அடித்தார்.”

அதற்குமேல் என்ன கேட்பது?

நம் நாட்டில் இரவிலே விளக்கின்றிச் சைக்கிள் ஓட்டுவது குற்றம். நியாயமான விதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் முந்திச் செல்லும் லொறிக்கோ, 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பிறருக்கு ஆபத்தின்றிச் செல்க என்கிறதேயன்றி, இத்தனை அடி விலகிச் செல்க என்று அளவு வகுக்கவில்லை. ஆபத்து எது என்பதைச் சாரதியே தீர்மானிக்கிறார். விழுகிறவனோ வேறொருவன்.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் 1973ஆம் ஆண்டிலேயே சைக்கிளை முந்துவோர் மூன்றடியேனும் விலக வேண்டுமென்று சட்டமியற்றியது. பென்சில்வேனியா 2012இல் நான்கடி என்றது. ஜெர்மனி 2020இல் ஊருக்குள் ஒன்றரை மீற்றர், ஊருக்கு வெளியே இரண்டு மீற்றர் என வகுத்தது. அங்கே பாதசாரிக்கும் இதே அளவுதான். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு மார்ச்சிலும் ஆகஸ்டிலும் நம் வீதியால் நடந்து செல்வோரை எண்ணும்போது, இந்தக் கடைசி ஏற்பாடு நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

“நம் வீதி ஒடுங்கியது, அத்தனை இடத்துக்கு எங்கே போவது?” என்பர். எதிரே வண்டி வராதபோது வலப்புறம் தாராளமாக இடமுண்டு. வரும்போது, சற்றே வேகந்தணிந்து சைக்கிளின் பின்னால் வரவேண்டும். அரை நிமிடம் செல்லும், மரக்கறி வாடிவிடாது.

அளவை எவர் பார்ப்பது என்றொரு கேள்வியும் உண்டு. இங்கிலாந்தில் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பொலிஸார் 2016இல் சாதாரண உடையிற் சைக்கிளேறி வீதிக்குப் போனார்கள். நெருங்கி உரசிய சாரதிகளை அப்பால் நிறுத்தி, தரையில் விரித்த பாயொன்றிலே லொறிக்கும் சைக்கிளுக்கும் இடையில் இருக்கவேண்டிய தூரத்தைக் காட்டினார்கள். பாலாவிக்கும் கற்பிட்டிக்கும் இடையில் விரிப்பதற்கு நம்மிடம் பாய் இல்லாமற் போகவில்லை.