ஏரோது எங்கே?

இத்தாலியின் பொலோனியா நகரில குயிதோ ரெனி 1611இல் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கு: 'மாசில்லாக் குழந்தைகளின் படுகொலை'. நாங்க அதை ஃபோன் திரையிலதான் பாத்தம். ஆனாலும் மட்டக்களப்பில வளர்ந்த எங்களுக்கு அது தூரத்துப் படமாத் தெரியல்ல.

கதை தெரிஞ்சதுதான். ஏரோது அரசனின் கட்டளைப்படி பெத்லகேமில் ரெண்டு வயசுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் கொல்லப்படுறாங்க. கத்தோலிக்கத் திருச்சபை அவங்களை மறைசாட்சிகளாகக் கொண்டாடுற நாள் டிசம்பர் 28. படத்தில ரெண்டு படைவீரர் கத்தியோட. தாய்மார் அலறி ஓடுறாங்க. ஒரு தாய் மட்டும் முழந்தாளிட்டு வானத்தைப் பாக்கிறா. அவ முன்னால செத்த பிள்ளைகள். மேலே குட்டி வானதூதர் இருவர் குருத்தோலை ஏந்தி இருக்காங்க.

குருத்தோலை மறைசாட்சியின் அடையாளம். புனிதர்களின் படங்கள் பக்தியைத் தூண்ட வேணும் என்று 1563இல் திரெந்துச் சங்கம் சொன்னது. அதற்குப் பிறகு வந்த பரோக் ஓவியர்கள் இரத்தத்தைக் கிட்டக் காட்டினாங்க. கூடவே வானத்தையும் திறந்து விட்டாங்க. இந்தச் சாவு வீண் இல்லை என்பதுதான் சேதி.

2019 ஏப்ரல் 14 குருத்தோலை ஞாயிறு. அடுத்த ஞாயிறு, உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்சது. செத்தவங்களில பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். அவங்களை 'இரத்தசாட்சிகள்' என்று சொல்வதை நாங்களும் கேட்டிருக்கம். பெற்ற தாய் அப்படிச் சொன்னா மறுக்க எங்களுக்கு உரிமை இல்லை. அந்த ஓலைதான் அவவைத் தாங்கி நிக்குது.

ஆனா மேடையில நின்று வேற ஆக்கள் சொல்லும்போது எங்களுக்கு உறுத்துது. சாட்சி என்றால் தெரிந்து சொல்வது. இந்தப் பிள்ளைகளிட்ட ஒருத்தரும் ஒன்றும் கேக்கல்ல.

ரெனியின் படத்தைத் திரும்பப் பாருங்க. அதில ஏரோது இல்லை! ஏறக்குறைய 300 வருசத்துக்கு முதல் பாதுவா நகரில ஜோத்தோ இதே கதையை வரைந்தபோது, மாடத்தில நின்று கைநீட்டிக் கட்டளையிடுற ஏரோதையும் வரைந்தார். ரெனியிடம் கத்தி இருக்கு, ஓலை இருக்கு, மாடம் இல்லை. எங்கட கண் கத்தியிலிருந்து நேரே ஓலைக்குப் போயிருது. கட்டளை எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இடையில காணாமப் போயிருது.

2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: முன்கூட்டியே புலனாய்வு எச்சரிக்கை கிடைத்தும் அப்போதைய ஜனாதிபதியும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளும் கடமை தவறினாங்க. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேணும் என்றும் உத்தரவு. கடமை தவறினது வேற, கொல்லச் சொன்னது வேற. அவங்களை ஏரோது என்று நாங்க சொல்ல வரல்ல. ஆனா படத்துக்கு வெளியே நின்றவங்களை அந்தத் தீர்ப்பு உள்ளே இழுத்து வந்தது.

நாளைக்கு எங்கட ஊர் ஓவியர் யாராவது அந்த ஞாயிறை வரைந்தா, குருத்தோலையை வரையட்டும். மாடத்தையும் மறக்காம வரையட்டும்.