இரண்டு பன்னிரண்டுகள்

குழந்தை யாரிடம் வளரும் என்பது ஜி.டபிள்யூ.ஓ.பி. எனப்படும் காப்பாளர் சட்ட மூல மனுவின் இறுதி உத்தரவில் முடிவாவதைவிட இடைக்கால மனுவில் முடிவாவதே அதிகம். தற்காலிகம் என்று செய்த ஏற்பாடு வாய்தா வாய்தாவாக நீள்கிறது. அதற்குள் பள்ளி, தோழர்கள், பாட்டியின் அருகாமை என்று குழந்தை ஒரு வீட்டில் வேர்விட்டுவிடுகிறது. ‘பழகிய இடத்திலிருந்து பெயர்க்கலாகாது’ என்ற வாதம் பிறகு தானாகவே வலுப்பெறுகிறது.

2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், இரண்டு வயது நிறையுமுன் தாயைப் பிரிந்த சிறுமிக்கு எட்டு வயதாகியிருந்தது. தாயுடன் வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பே கிடைக்காத குழந்தையின் விருப்பத்தை எப்படி எடைபோடுவது என்று யோசித்த நீதிமன்றம், ஓராண்டு தாயிடம் விட்டுப் பார்க்கச் சொன்னது. இழந்த ஆண்டுகளை எந்த உத்தரவும் திருப்பித் தராது.

1956-ஆம் ஆண்டு இந்து இளவர், காப்பாளர் சட்டத்தின் 13-ஆம் பிரிவு குழந்தையின் நலனே தலையாயது என்கிறது. அந்த நலனை நீதிபதி முதலில் தேடுவது வழக்கறிஞர்களாகிய நம் பிரமாணப் பத்திரத்தில்தான். நான் தயாரித்த ஒன்று பதினான்கு பக்கம். கணவர் குடும்பத்தின் குற்றங்கள் தேதிவாரியாக இருந்தன. குழந்தை வந்ததோ கடைசிப் பக்கத்தில். “பாப்பா ராத்திரி யார்கூடத் தூங்குவா?” என்று நீதிபதி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இடைக்காலப் பொறுப்பு கேட்டு, 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் தயங்காமல் மனுப் போடுகிறோம். 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்திலும் ஒரு 12-ஆம் பிரிவு உண்டு: மருத்துவ வல்லுநர், குடும்ப நலப் பணியாளர் ஆகியோரின் உதவியை நீதிமன்றம் பெறலாம். அதை நாம் கேட்பது அரிது. குழந்தையோடு பழகி, இரு வீட்டையும் பார்த்து வருபவரின் அறிக்கை முதல் உத்தரவுக்கு முன்பே வந்தால், இரு தரப்பு வசைகளுக்கு நடுவே நீதிபதி ஊகிக்க வேண்டியதில்லை.

ஆகவே முதல் மனுவுடனேயே இரண்டாவது பன்னிரண்டையும் கேளுங்கள். குழந்தையைச் சந்திக்கும் நாள், நேரம், இடத்தை வரைவிலேயே எழுதுங்கள். மறுபரிசீலனைக்கு ஒரு தேதியும் கேளுங்கள். குழந்தைப் பொறுப்பு உத்தரவுகள் சூழலுக்கேற்ப மாற்றத்தக்கவை என்று 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிர்த் தரப்பைப் பற்றி ஒரு வரி எழுதுமுன், அந்தக் குழந்தையின் ஒரு நாளைக் கட்சிக்காரரிடம் கேட்டு எழுதுங்கள்: எழுப்புவது யார், மருந்து கொடுப்பது யார், இரவில் பக்கத்தில் படுப்பது யார். பத்திரத்தின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.