யானை தமிழில் பேசட்டும்!

கம்ப்யூட்டர் வாங்கியதும் குழந்தைகள் பேசும் விலங்குகளின் கார்ட்டூன் படங்களைத்தான் தேடுகிறார்கள். நிகில் அத்வானி இயக்கி 2012ல் வெளிவந்த ‘டெல்லி சஃபாரி’ நம் நாட்டுப் படம். காட்டை அழிக்காதீர்கள் என்று சிறுத்தைக்குட்டியும் குரங்கும் கரடியும் கிளியும் மும்பையிலிருந்து டில்லிக்கே போய் முறையிடும் நகைச்சுவைக் கதை. தேசிய விருதும் பெற்றது.

நொடிக்கு 24 படங்கள் என்றால், ஒன்றரை மணி நேரத்திற்கு 1,29,600 படங்கள் வேண்டும். 10 நொடிக்கு 240 போதும். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் புரோகிராமில் முக்கிய அசைவுகளை மட்டும் நாம் அமைத்தால், இடைப்பட்டவற்றைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும்.

இண்டூர்ப் பிள்ளைகளுக்குப் பென்னாகரம் காட்டு யானையைத் தெரியும். அது ஏன் வயலுக்கு வந்தது என்று நம் ஊர்த் தமிழில் அவர்கள் பேச வைக்கட்டுமே! ‘விளையாட்டு’ என்று திட்டி கம்ப்யூட்டரை அணைத்துவிடாதீர்கள்.