கிழமைக்கொரு கதை: பெட்டிக்குப் பின்னால ஒரு பலகை

படகுக்கு 'பொட்' எண்டு ஒண்டு பூட்டுறவை, கேள்விப்பட்டிருக்கிறியளோ? படகின்ர பின்பலகைக்கு வெளியால தள்ளிக்கொண்டு நிக்கிற கண்ணாடி இழைப் பெட்டி. அவுட்போர்ட் எஞ்சினை அதிலதான் கொழுவுறது.

ரொறன்ரோவில இதுக்குத் தனிக் காரணம் இருக்கு. உள்ளுக்கு எஞ்சின் வைச்ச படகில, பனிக்காலத்துக்கு முதல் தண்ணியை ஒழுங்கா வடிக்காட்டி அது உறைஞ்சு இரும்பையே பிளந்துபோடும். அவுட்போர்ட்டை நிமிர்த்தி விட்டால் தண்ணி தானா வடிஞ்சிடும். அதால வெடிச்ச எஞ்சினைக் கழட்டிப்போட்டுப் பொட் கட்டுறவையும் இருக்கினம்.

ஸ்காபரோவில எனக்குத் தெரிஞ்ச மாமா ஒராளும் இந்தப் பனிக்காலம் முழுக்க அந்த வேலையிலதான். அவருக்குக் காரைநகர். 1967 இல் நோர்வேக்காரரின்ர உதவியோட சீநோர் தொடங்கின ஊர். இளந்தாரியா இருக்கேக்க அங்க ரெசின் பூசிப் பழகின கை. அச்சுக்கு மெழுகு, மேல இழைப்பாய், ரெசின், திரும்பவும் இழைப்பாய். கராஜுக்குள்ள ஹீற்றர். குளிருக்க ரெசின் ஒழுங்கா இறுகாது.

பெட்டி அருமையா வந்திட்டுது. ஆனா பாரம் பெட்டியோட நிக்காது. 200 கிலோ எஞ்சினை 60 சென்றிமீற்றர் பின்னுக்குத் தள்ளினால், பின்பலகையில கூடுற திருப்புவிசை 120 கிலோ-மீற்றர். அலையில துள்ளி விழேக்க அது பல மடங்கு. எஞ்சின் ஓடேக்க புரொப்பெல்லர் கீழ்ப்பக்கத்தை முன்னுக்குத் தள்ளும், மேல்பக்கம் பின்னுக்குச் சரியப் பாக்கும். பாரமும் தள்ளுவிசையும் சேர்ந்து மேல் போல்ட்டுகளைத்தான் பிடுங்குது. பொட் தண்ணியில மிதந்து கொஞ்சப் பாரத்தைத் தாங்கும்தான், ஆனா வேகமா ஓடேக்க அது தண்ணிக்கு மேல வந்திடும்.

போல்ட்டுக்குத் துளை போடமுதல் மாமா பின்பலகையைச் சுத்தியலால தட்டிக்கொண்டு வந்தார். டக், டக், டக்... ஒரு மூலையில தொப். சின்னத் துளை ஒண்டு போட்டுப் பாத்தால், ஈரமாக் கறுத்த மரத்தூள். வெளியில கண்ணாடி இழை பளபளக்குது, உள்ளுக்கு ஒட்டுப்பலகை உக்கிப்போச்சு. பழைய துளையொண்டால தண்ணி இறங்கியிருக்கு.

கோடையில புளஃபேர்ஸ் பார்க்கில படகை இறக்கிறதெண்டு பேரப்பிள்ளையளுக்குச் சொல்லி வைச்சிருந்தவர். "பெரிய தகடு வைச்சு இறுக்கினால் இந்தக் கோடைக்குத் தாங்காதோ மாமா?" எண்டு கேட்டன்.

"தாங்கும் தம்பி. எந்த நாள் வரைக்கும் எண்டு தெரியாது. ஒன்ராறியோ ஏரித் தண்ணிக் குளிர் உமக்குத் தெரியும்தானே."

பின்பலகையை வெட்டி எடுத்தாச்சு. புதுசு கட்டி முடிய இந்தக் கோடை போயிடும்.

பழைய படகு வாங்க யோசிக்கிறவை எஞ்சினை முடுக்கிப் பாக்கமுதல் ஒரு சுத்தியலோட பின்பக்கம் போங்கோ.